எங்கள் பெயரில் வாங்கிய அலைவரிசையில் எங்களுக்குப் பாதி நேரம் வேண்டும்

எங்கள் ஊர்ச் சமூக வானொலியை நடத்தும் அறக்கட்டளையின் நிர்வாகிகளுக்கு,

போன வாரம் உங்கள் நிலையத்திலிருந்து எங்கள் மகளிர் குழுவுக்கு ஒரு தாள் வந்தது. 'ஆலோசனை மற்றும் நிகழ்ச்சிக் குழு உறுப்பினர்கள்' என்று தலைப்பு. என் பெயரும் எங்கள் குழுப் பெண்கள் சிலரின் பெயர்களும் ஏற்கெனவே தட்டச்சு செய்யப்பட்டிருந்தன. பக்கத்தில் கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தது. அனுமதியைப் புதுப்பிக்கும் விண்ணப்பத்தோடு இணைக்க வேண்டும், சனிக்கிழமைக்குள் போட்டுத் தாருங்கள் அக்கா என்றார் கொண்டுவந்த தம்பி. நான் போடவில்லை. மற்றவர்களும் போடவில்லை. ஏன் என்று கேட்டு எங்கள் குழுத் தலைவிக்கு உங்களிடமிருந்து போன் வந்தது. போனில் பேசித் தீர்க்கிற விஷயமில்லை இது. ஊர் முழுவதும் கேட்கிற வானொலியைப் பற்றியது என்பதால் ஊர் அறிய எழுதுகிறேன்.

அந்தக் குழு ஒரு முறைகூடக் கூடியதில்லை. கூடியிருந்தால் அதில் உறுப்பினராக இருக்கிற எங்களுக்குத் தெரிந்திருக்கும். 2024 பிப்ரவரியில் சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் நடந்த சமூக வானொலி மாநாட்டில் திருத்திய விதிமுறைகளை அறிவித்தார்கள். ஆலோசனைக் குழுவில் குறைந்தது பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்பது அதில் ஒன்று. பெண்களின் பெயர் உங்களுக்கு இப்போது ஏன் தேவைப்படுகிறது என்பது எங்களுக்குப் புரிகிறது. ஆனால் இந்தத் தாள் வந்த அதே மாதத்தில்தான் நாங்கள் செய்துவந்த கடைசி நிகழ்ச்சியையும் நிறுத்தினீர்கள். புதன்கிழமை மாலை எங்கள் குரல் வந்த நேரத்தில் இப்போது உங்கள் தலைமையிடத்திலிருந்து அனுப்பும் அருளுரை ஓடுகிறது. பெயர் வேண்டும், குரல் வேண்டாம் என்றால் அதற்கு எப்படிச் சம்மதிப்போம்?

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் அறக்கட்டளை எந்த மதத்தைச் சேர்ந்தது என்று இந்தக் கடிதத்தில் எழுதப்போவதில்லை. எந்த மதமாக இருந்தாலும் இதே கடிதத்தைத்தான் எழுதியிருப்பேன். நானும் அதே நம்பிக்கையில் வளர்ந்தவள். உங்கள் பாடல்களைக் கேட்டுக்கொண்டேதான் காலையில் அடுப்பு பற்றவைக்கிறேன். பக்தி நிகழ்ச்சியே கூடாது என்று நான் கேட்கவில்லை. விதியும் அப்படிச் சொல்லவில்லை. மக்களின் மத உணர்வைச் சுயலாபத்துக்குப் பயன்படுத்தாமலும், மற்ற மதத்தினர் மனம் புண்படாமலும் கவனமாகச் செய்ய வேண்டும் என்றுதான் சொல்கிறது.

விதி கேட்கிற முக்கியமான விஷயம் வேறு. ஒலிபரப்பில் குறைந்தது 50 சதவீதம், எந்த மக்களுக்காக நிலையம் அமைந்ததோ அந்த மக்களின் பங்கேற்போடு உருவானதாக இருக்க வேண்டும். 2006-இல் தொண்டு நிறுவனங்களுக்கும் சமூக வானொலியைத் திறந்துவிட்டபோதே எழுதிவைத்த நிபந்தனை அது. நிர்வாகத்திலும் அந்த மக்கள் இடம்பெற வேண்டும் என்கிறது அதே கொள்கை. நிகழ்ச்சி உள்ளூர் மொழியில், உள்ளூர் வழக்கில் இருப்பது நல்லது என்கிறது. நீங்கள் கையெழுத்துப் போட்ட அனுமதி ஒப்பந்தம் இந்தக் கொள்கையின் மேல்தான் நிற்கிறது.

எங்கள் குழுப் பெண்கள் வீட்டு வேலைக்கு இடையில் முறை போட்டுக் கேட்டு, என்ன ஒலிபரப்பானது என்று ஒரு வாரம் நோட்டில் குறித்தோம். காலையில் விவசாயக் குறிப்பு பத்து நிமிடம். மதியம் பிறந்தநாள் வாழ்த்தோடு பாடல் அரை மணி நேரம். உள்ளூர் ஆள் பேசுவது இவ்வளவுதான். மற்றதெல்லாம் தலைமையிடத்திலிருந்து வரும் சொற்பொழிவு, வழிபாட்டு ஒலிபரப்பு, பாடல், மறுபடி அதே சொற்பொழிவு. அந்தப் பத்து நிமிட விவசாயக் குறிப்பும் பழைய பதிவு. ஆடி மாதம் விதைப்புக்கு மழை பார்த்து உட்கார்ந்திருக்கிறவர்களுக்கு, மிளகாய் வற்றலை எப்படிக் களத்தில் காயப்போடுவது என்று சொல்லிக்கொண்டிருந்தது. நிலையத்தில் யாராவது அதைக் கேட்டிருந்தால் மாற்றியிருப்பார்கள். யாரும் கேட்கவில்லை. கணினியில் பட்டியல் போட்டுவிட்டுக் கதவைப் பூட்டிக்கொண்டு போகிறார்கள்.

இந்த நிலையம் தொடங்கும் முன்பு நீங்கள் எங்கள் தெருவுக்கு வந்தது நினைவிருக்கும். பெண்களுக்கு என்ன தெரிந்துகொள்ள வேண்டும், விவசாயிகளுக்கு என்ன வேண்டும் என்று உட்கார்ந்து கேட்டீர்கள். ஆதரவுக் கடிதம் வேண்டும் என்றீர்கள், குழுவின் முத்திரை வைத்துக் கொடுத்தோம். தொடக்கத்தில் சொன்னபடியே செய்தீர்கள், அதை மறைக்க மாட்டேன். ஒலிப்பதிவுக் கருவியைக் கையில் கொடுத்து எடிட் செய்யவும் கற்றுத்தந்தீர்கள். முதியோர் உதவித்தொகைக்கு எந்தத் தாளெல்லாம் வேண்டும் என்று ஒரு நிகழ்ச்சி செய்தோம். பேச வந்த பாட்டி தன் ஆதார் அட்டையில் வயது பத்து வருடம் குறைவாகப் பதிவாகியிருந்ததால் மனு திரும்பி வந்த கதையைச் சொன்னார். மறுநாள் அதே சிக்கலோடு வேறு கிராமங்களிலிருந்தும் ஆட்கள் இ-சேவை மையத்துக்கு வந்துவிட்டார்கள். தன் ஒருத்திக்கு மட்டும் நடந்த தவறு என்று அவரவர் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறார்கள். அந்த நிகழ்ச்சியில் கோழி கொக்கரிக்கும் சத்தமும் பின்னால் கேட்கும். அதை வெட்டாதீர்கள் என்று நாங்கள் கேட்டோம், நீங்களும் விட்டுவிட்டீர்கள். அப்படி இருந்த நிலையம் இது.

உங்கள் தலைமையிடத்துச் சொற்பொழிவைக் கேட்க விரும்புகிறவர்களுக்கு யூடியூப் இருக்கிறது. செயற்கைக்கோள் சேனல் இருக்கிறது. வாட்ஸ்அப்பில் தினமும் காலையில் வந்துவிடுகிறது. உலகத்தில் எங்கிருந்தாலும் அதைக் கேட்கலாம். சமூக வானொலிக்குப் பொதுவாக அனுமதிக்கும் சக்தி 100 வாட்தான். ஐந்து முதல் பத்து கிலோமீட்டர் வரை எட்டும். கோபுரம் 30 மீட்டருக்கு மேல் போகக் கூடாது. ஏன் இவ்வளவு சிறிதாக வைத்தார்கள்? அந்தப் பத்து கிலோமீட்டருக்குள் இருக்கிறவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வதற்காக. எங்கள் கண்மாயில் தண்ணீர் எவ்வளவு, கூட்டுறவுச் சங்கத்தில் உரம் வந்ததா, எந்த அங்கன்வாடியில் தடுப்பூசி போடுகிறார்கள் என்பதை எந்தப் பெரிய சேனலும் சொல்லப்போவதில்லை. இந்தச் சின்னக் கோபுரம் மட்டும்தான் சொல்ல முடியும். அதை வாங்கி வைத்துக்கொண்டு, எங்கும் கிடைக்கிற ஒன்றையே அதில் ஓட்டுவது, ஊர்ப் பொதுக்கிணற்றுக்குப் பூட்டுப் போட்டுவிட்டு லாரித் தண்ணீர் ஊற்றுவது மாதிரி. இதில் வேறு சங்கடமும் இருக்கிறது. சமூக வானொலிக்கென்று ஒதுக்கும் அலைவரிசைகள் மிகச் சில. உங்களிடம் இருப்பதை நீங்கள் பயன்படுத்தாவிட்டால் பக்கத்திலேயே இன்னொருவர் தொடங்குவது எளிதில்லை.

அலைவரிசை பொதுச்சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995-இல் வங்காள கிரிக்கெட் சங்க வழக்கில் சொன்னது. தனியார் எஃப்.எம். நிறுவனங்கள் கோடிக்கணக்கில் ஏலம் கேட்டு வாங்குகின்றன. அந்த ஏலத்தில் மத அமைப்போடு தொடர்புள்ள நிறுவனம் பங்கெடுக்கவே முடியாது. ஒலிபரப்பு நிலையங்களை மத அமைப்புகள் சொந்தமாக வைத்திருக்கக் கூடாது என்று 2008-லேயே தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் பரிந்துரைத்திருக்கிறது. உங்களுக்கு ஏலம் இல்லை, அனுமதிக் கட்டணமும் இல்லை. சேவை செய்கிற தொண்டு அறக்கட்டளை, இந்த மக்களுக்காக நடத்தப்போகிறது என்ற ஒரே காரணத்தால் கிடைத்த அலைவரிசை இது. அந்தக் காரணம் நாங்கள்தான்.

இனி நான் எழுதப்போவதை நிதானமாகப் படியுங்கள்.

இரவு எட்டு மணிக்கு அனுபவப் பகிர்வு என்று ஒரு நிகழ்ச்சி ஓடுகிறது. நோய் தீர்ந்தவர்கள் வந்து பேசுகிறார்கள். எங்கள் தெருவில் ஓர் அக்கா பல வருடமாகச் சர்க்கரைக்கு மாத்திரை எடுக்கிறவர். புனித எண்ணெய் தடவி, மாத்திரையை நிறுத்தி, சர்க்கரையே இல்லாமல் போனது என்று அந்த நிகழ்ச்சியில் ஒரு பெண் சொன்னதைக் கேட்டுவிட்டு இவரும் மாத்திரையை நிறுத்தினார். வீட்டில் யாருக்கும் சொல்லவில்லை. காலில் செருப்பு கடித்த புண் ஆறாமல் கருத்துப்போன பிறகுதான் மகள் பார்த்திருக்கிறாள். இரண்டு விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று. ஆஸ்பத்திரிக் கட்டிலில் உட்கார்ந்துகொண்டு அவர் என்னிடம் கேட்டார், "நம்ம ரேடியோலதானே சொன்னாங்க, பொய் சொல்லுவாங்களா?" என்று. எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அந்த ரேடியோவில் பேசியவர்களில் நானும் ஒருத்தி. எங்கள் குரலைக் கேட்டுப் பழகிய நம்பிக்கையில்தான் அதையும் நம்பியிருக்கிறார்.

அது விளம்பரம் இல்லை, தனிப்பட்ட அனுபவம் என்று உங்கள் மேலாளர் என்னிடம் சொன்னார். சரி, அப்புறம் நிகழ்ச்சி முடிவில் எண்ணெய்க் குப்பியின் விலையும் வாங்குவதற்கான போன் எண்ணும் ஏன் வருகின்றன? மருந்துகள் மற்றும் மந்திர நிவாரணங்கள் சட்டம் 1954-இல் வந்தது. குறிப்பிட்ட நோய்களை மந்திரம், தாயத்து போன்றவற்றால் தீர்ப்பதாக விளம்பரம் செய்யக் கூடாது என்று தடுக்கிறது. அந்த நோய்ப் பட்டியலில் நீரிழிவும் இருக்கிறது. சமூக வானொலி அகில இந்திய வானொலியின் நிகழ்ச்சி, விளம்பர விதிகளைப் பின்பற்ற வேண்டும். மூடநம்பிக்கையை வளர்க்கும் நிகழ்ச்சி கூடாது என்பதும் நிபந்தனைகளில் உண்டு. விளம்பரத்துக்கு அனுமதி இருப்பதே உள்ளூர்க் கடை, உள்ளூர்ச் சேவை, உள்ளூர் வேலைவாய்ப்பு போன்றவற்றுக்குத்தான். வேறு மாநிலத்திலிருந்து பார்சலில் வரும் எண்ணெய் இதில் எதில் சேரும்?

2023 டிசம்பர் மழையைப் பற்றியும் பேச வேண்டும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டிய மழை அது. எங்கள் பக்கம் அந்த அளவு இல்லை என்றாலும் கண்மாய்க் கரை உடையும் நிலைக்கு வந்துவிட்டது. கரண்ட் போனது, கொஞ்ச நேரத்தில் போன் டவரும் போனது. பேட்டரி ரேடியோ வைத்திருந்த வீடுகளில் உங்கள் நிலையத்தைத் திருகினோம். ஜெனரேட்டர் புண்ணியத்தில் ஒலிபரப்பு இருந்தது. சொற்பொழிவு ஓடிக்கொண்டிருந்தது. எந்தப் பள்ளிக்கூடம் திறந்திருக்கிறது, எந்தப் பாலத்தில் போகக் கூடாது என்று ஒரு வார்த்தை இல்லை. கிழக்குத் தெருக்காரர்கள் குழந்தைகளைத் தோளில் வைத்துக்கொண்டு எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் இருட்டில் நின்றார்கள். ஊராட்சி ஊழியர் ஒருவர் நிலையத்துக்கே நடந்துபோய்க் கதவைத் தட்டியிருக்கிறார். உள்ளே ஆள் இல்லை.

அப்போது கேட்டதற்கு, சமூக வானொலியில் செய்தி சொல்லத் தடை இருக்கிறது என்றீர்கள். நிலையம் சொந்தமாகச் செய்தி தயாரித்துச் சொல்லத் தடை இருப்பது உண்மை. ஆனால் வானிலை, போக்குவரத்து, மின்சாரம், குடிநீர், இயற்கைப் பேரிடர், சுகாதார எச்சரிக்கை பற்றி உள்ளூர் நிர்வாகம் தரும் அறிவிப்புகளைச் செய்தியாகக் கணக்கில் எடுப்பதில்லை என்று அரசே சொல்லியிருக்கிறது. இது உங்களுக்குத் தெரியாமல் இருக்க வாய்ப்பில்லை.

மற்ற ஊர்களில் எப்படி நடத்துகிறார்கள் என்று பாருங்கள். பாம்பனில் கடல் ஓசை 2016 முதல் மீனவர்களுக்குக் காற்றும் அலையும் சொல்கிறது. தெலங்கானாவின் மாச்சனூரில் சங்கம் ரேடியோவைத் தலித் பெண்கள் 2008-இலிருந்து நடத்துகிறார்கள். விதை, பயிர், பாட்டு எல்லாம் அவர்கள் குரலிலேயே வருகிறது. நாட்டின் முதல் சமூக வானொலியே சென்னையில் 2004-இல் தொடங்கிய அண்ணா எஃப்.எம்.தான். இவை எதுவும் பெரிய பணக்கார நிலையங்கள் இல்லை.

யாரும் கேட்காமல் ஓடவிடுகிற ஒலிப்பதிவு ஒரு நிலையத்தை எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரத்தில் இமான் எஃப்.எம். என்று ஒரு சமூக வானொலி. 2017 ரம்ஜான் மாதத்தில் 25 மணி நேரத்துக்கும் மேல் ஒரு மதப் பேச்சாளரின் உரைகளை ஒலிபரப்பியது. அவர் அன்வர் அல்-அவ்லாகி. அல் காய்தாவோடு தொடர்புள்ளவர் என்று அறியப்பட்டு, 2011-இல் ஏமனில் கொல்லப்பட்டவர். யூடியூபில் எடுத்துப் போட்டோம், அவர் யாரென்று தெரியாது என்று நிலையம் சொன்னது. ஒழுங்காற்று அமைப்பான ஆஃப்காம் அதை ஏற்கவில்லை. அந்த ஜூலை மாதமே உரிமத்தை முதலில் நிறுத்திவைத்து, பிறகு ரத்தும் செய்தது. உங்கள் சொற்பொழிவுகளில் அப்படிப்பட்ட வன்முறைப் பேச்சு எதுவும் இல்லை. அந்த ஒப்பீட்டை நான் செய்யவில்லை. ஆனால் எங்கிருந்தோ வரும் பேச்சை முன்கூட்டியே கேட்டுப் பார்க்காமல் காற்றில் விடுவது இரண்டு இடத்திலும் ஒன்றுதான். சர்க்கரை மாத்திரை பற்றிய பேச்சையும் நீங்கள் முன்கூட்டிக் கேட்கவில்லை என்றுதான் நினைக்கிறேன். கேட்டும் விட்டிருந்தால் அது இன்னும் மோசம். அந்த நாட்டில் ஒவ்வொரு சமூக வானொலியும் என்னென்ன செய்வதாக ஒப்புக்கொண்டது என்பதை யார் வேண்டுமானாலும் படிக்கலாம், பொதுவில் வைத்திருக்கிறார்கள். எங்கள் பெயரைச் சொல்லி நீங்கள் விண்ணப்பத்தில் என்ன எழுதினீர்கள் என்பதை நாங்கள் இன்றுவரை பார்த்ததில்லை.

பணம்தான் பிரச்சினை, கரண்ட் பில் தலைமையிடம் கட்டுகிறது, அவர்கள் அனுப்புவதைப் போடாமல் இருக்க முடியாது என்று உங்களில் பெரியவர் ஒருவர் வருத்தத்தோடு சொன்னார். அவர் மனசை நான் மதிக்கிறேன். ஆனால் ஒரு மணி நேரத்துக்கு 12 நிமிடம் விளம்பரம் போடலாம் என்று 2024 விதியில் உயர்த்தியிருக்கிறார்கள். அதற்கு முன் 7 நிமிடம்தான். அரசு விளம்பரக் கட்டணத்தையும் 10 விநாடிக்கு 52 ரூபாயிலிருந்து 74 ரூபாயாக்கினார்கள். நம் கடைவீதியில் ஜவுளிக்கடை, உரக்கடை, நகைக்கடை எல்லாம் இருக்கின்றன. அவர்களிடம் இதுவரை யாரும் போய்க் கேட்டதில்லை. எங்கள் குழு போய்க் கேட்கத் தயார். நிகழ்ச்சி செய்ய எங்களுக்குச் சம்பளமும் வேண்டாம், பஸ் செலவும் ஒலிப்பதிவுக் கருவியும் போதும்.

நிலையத்தை மூட வேண்டும் என்று நாங்கள் கேட்கவில்லை. விதிமீறலுக்கு முதல் முறை ஒரு மாதம் வரை, அடுத்த முறை மூன்று மாதம் வரை ஒலிபரப்பை நிறுத்திவைக்கலாம், அதற்கு மேலும் தொடர்ந்தால் அனுமதியே போகும் என்று கொள்கையில் இருப்பது எங்களுக்குத் தெரியும். மூடினால் நஷ்டம் எங்களுக்கும்தான். அதனால்தான் அமைச்சகத்துக்கு எழுதும் முன்பு உங்களிடம் கேட்கிறேன்.

இரவு எட்டு மணி நிகழ்ச்சியில் நோய் தீர்ந்தது என்ற பேச்சையும் எண்ணெய் விற்பனையையும் உடனே நிறுத்துங்கள். நிறுத்தினால் மட்டும் போதாது. டாக்டரைக் கேட்காமல் யாரும் மாத்திரையை நிறுத்த வேண்டாம் என்று அதே நேரத்தில் ஒரு மாதம் தினமும் சொல்லுங்கள். அரசு ஆரம்ப சுகாதார நிலைய டாக்டரை அழைத்து வந்து பேச வைத்தால் இன்னும் நல்லது. இது முதல் வேலை, மற்றதற்காக இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

புதன் மாலை நிகழ்ச்சியைத் திரும்பக் கொடுங்கள். அதோடு தினமும் மாலை ஆறு முதல் எட்டு வரை உள்ளூர் நேரமாக ஒதுக்கித் தொடங்குங்கள். இந்த இரண்டு மணி நேரத்தால் பாதி என்ற கணக்கு நிறையாது. எந்தத் தேதிக்குள் பாதிக்கு வருவீர்கள் என்று எழுத்தில் சொல்லுங்கள். வாராந்தர நிகழ்ச்சி நிரலை நிலைய வாசலிலும் நூலகத்திலும் ஒட்டுங்கள்.

ஆலோசனைக் குழுவை உண்மையிலேயே கூட்டுங்கள். ஊராட்சி மன்றக் கட்டடத்தில், விவசாயி, கூலிவேலை செய்கிறவர், மற்ற மதத்தைச் சேர்ந்தவர்கள் எல்லாரும் உட்காரும் கூட்டமாக அது இருக்கட்டும். கூட்டக் குறிப்பை வாசித்துக் காட்டிய பிறகு நாங்கள் கையெழுத்துப் போடுகிறோம். அதுவரை எங்கள் பெயர் எந்த விண்ணப்பத்திலும் இருக்கக் கூடாது. தொடக்கத்தில் கொடுத்த விண்ணப்பத்தின் நகலை அந்தக் கூட்டத்தில் கொண்டுவந்து வையுங்கள்.

ஒலிபரப்பான நிகழ்ச்சிகளை மூன்று மாதம் பாதுகாக்க வேண்டும் என்பது உங்கள் நிபந்தனை. இந்தக் கடிதம் வந்த தேதிக்கு முந்தைய மூன்று மாதப் பதிவில் எதையும் அழிக்காதீர்கள். எங்கள் நோட்டோடு ஒப்பிட்டுப் பார்க்க ஒரு நாள் உட்கார்ந்து கேட்க விடுங்கள்.

வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன்பு, மழை எச்சரிக்கை வந்த இரவுகளில் நிலையத்தில் ஓர் ஆள் இருக்க ஏற்பாடு செய்யுங்கள். தாசில்தார் அலுவலகத்து எண்ணும் ஊராட்சித் தலைவர் எண்ணும் மைக் பக்கத்தில் எழுதி ஒட்டியிருக்கட்டும். ஆள் கிடைக்காவிட்டால் எங்கள் குழுவிலிருந்து முறை போட்டு வருகிறோம், சாவியை மட்டும் கொடுங்கள்.

புதுப்பிக்கும் விண்ணப்பத்தை அனுப்பும் முன்பு எழுத்தில் பதில் வேண்டும். வராவிட்டால் எங்கள் நோட்டின் நகல், இரவு நிகழ்ச்சியின் போன் பதிவு, நாங்கள் கையெழுத்துப் போடாத அந்தத் தாள் ஆகிய மூன்றையும் இணைத்து, ஒன்றிய அரசின் தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்துக்குப் புகாராக அனுப்புவோம்.

இப்படிக்கு,
உங்கள் நிலையத்தின் முன்னாள் நிகழ்ச்சித் தொகுப்பாளர், மகளிர் சுய உதவிக் குழு உறுப்பினர்